திரும்பும் வழியை முதலில் எழுது: லாவோஸ் வாட் பூ பயணத்துக்கு ஒரு பாடம்



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம்ம பிள்ளைகள் மனசில் வருவது சென்னை, திருச்சி, மேடான், ஹட்யாய், பாலி. இந்த ஊர்களுக்குப் போய் வந்தவர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். சிக்கல் வந்தால் தமிழிலோ மலாயிலோ பேச ஓர் ஆள் கிடைப்பார். அதனால் நாம் பெரிதாகத் தயார் செய்வதில்லை. பையைக் கட்டினால் போதும், கிளம்பிவிடுகிறோம்.

நம்மில் அதிகம் பேர் போகாத ஒரு நாட்டுக்கு அந்தப் பழக்கம் உதவாது. இந்த மாதப் பாடத்துக்கு லாவோஸை எடுத்துக்கொள்வோம். அங்கே நாம் பார்க்க வேண்டிய ஒரு சிவத்தலம் இருக்கிறது. அதே நாட்டின் பெயரைச் சொல்லி நம்ம இளைஞர்களைச் சிக்க வைக்கும் ஆபத்தும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போம்.

1. எங்கே போகிறோம்?

தென்கிழக்காசியாவில் கடற்கரையே இல்லாத ஒரே நாடு லாவோஸ். 1997-இல் ஆசியானில் சேர்ந்தது. நாட்டின் தெற்கே சம்பாசாக் மாநிலம். அங்கே மேகோங் ஆற்றின் மேற்குப் பக்கம் பூ காவ் என்று ஒரு மலை. உச்சியில் இயற்கையாகவே லிங்கம் போல நிமிர்ந்து நிற்கும் பாறை. பழைய காலத்தவர் இதை லிங்கபர்வதம் என்று அழைத்தார்கள். அந்த மலைச் சரிவில் இருக்கும் கோயில்தான் வாட் பூ. லாவோ மொழியில் ‘மலைக்கோயில்’ என்று பொருள். 2001-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இதைச் சேர்த்தது.

ஆற்றங்கரையில் இருந்த பழைய நகரம் 5-ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கிப் போகிறது. அந்தப் பகுதியில் கிடைத்த தேவானீகன் என்ற மன்னனின் சமஸ்கிருதக் கல்வெட்டு, குருக்ஷேத்திரம் என்ற பெயரில் ஒரு தீர்த்தத்தைப் பற்றிச் சொல்கிறது. இன்று நாம் பார்க்கும் கட்டடங்களில் பெரும்பாலானவை 11 முதல் 13-ஆம் நூற்றாண்டு வரையிலான கெமர் காலத்தவை. அங்கோர் வாட் கட்டிய அதே கெமர் மரபு. இதைச் சோழர் கட்டினார்கள் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அப்படியே மற்றவருக்குத் தள்ளிவிடாதீங்க. கட்டியவர்கள் கெமர் மன்னர்கள். வழிபட்டது சிவனை. அந்த உண்மையே நமக்குப் போதுமான பெருமை.

கருவறைக்குப் பின்னால் பாறையில் ஓர் ஊற்று இருக்கிறது. அந்த நீர் கல் வாய்க்கால் வழியாக வந்து லிங்கத்தின் மேல் விழும்படி அமைத்திருந்தார்கள். குடம் தூக்க ஆள் இல்லாமலே இரவும் பகலும் அபிஷேகம்! இன்று கருவறையில் புத்தர் இருக்கிறார். பின்புறப் பாறையில் மும்மூர்த்திகளின் சிற்பம் இன்னும் இருக்கிறது. ஊர் மக்கள் பூவும் ஊதுவத்தியும் கொண்டு வந்து இப்போதும் வணங்குகிறார்கள்.

2. மூன்று கேள்விகள்

பயணத் தயாரிப்பு என்றால் நாம் போகும் வழியைத்தான் யோசிக்கிறோம். என்ன டிக்கெட், எந்த ஹோட்டல், என்ன சட்டை. இந்தப் பாடம் சொல்வது ஒன்றே ஒன்று: திரும்பி வரும் வழியை முதலில் தயார் செய். அதற்கு மூன்று கேள்விகள்.

ஒன்று: என் கடப்பிதழ் என் கையில் இருக்கிறதா?

இரண்டு: இன்றைக்கே திரும்பணும் என்றால், யாரிடமும் அனுமதி கேட்காமல், என் சொந்தப் பணத்தில் திரும்ப முடியுமா?

மூன்று: இந்த நிமிஷம் நான் எங்கே இருக்கிறேன் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரியுமா?

மூன்றுக்கும் ‘ஆமாம்’ என்றால் புறப்படலாம். ஒன்றுக்கு ‘இல்லை’ என்றாலும் நின்று யோசிக்கணும். கீழே வருவதெல்லாம் இந்த மூன்று கேள்விகளின் விரிவுதான்.

3. ஆவணமும் முகவரும்

மலேசியர் சுற்றுலாவுக்கு லாவோஸில் 30 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். கடப்பிதழ் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கணும். விதிகள் மாறும் என்பதால் டிக்கெட் வாங்கும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை பாருங்க.

வாட் பூவுக்கு அருகில் உள்ள பெரிய ஊர் பாக்சே. தலைநகர் வியந்தியானிலிருந்து சாலை வழியே சுமார் 670 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து பினாங்கு போவது மாதிரி. 2021 டிசம்பரில் திறந்த புது ரயில் வியந்தியானிலிருந்து வடக்கே சீன எல்லைக்குத்தான் போகிறது, பாக்சே பக்கம் வராது. இது தெரியாமல் திட்டம் போட்டால் இரண்டு நாள் வீணாகும். இன்னொரு வழி, பேங்காக் போய், அங்கிருந்து உபோன் ரட்சதானி, பிறகு சோங் மெக் எல்லை வழியாகப் பாக்சே. தாய்லாந்துக்குள் நுழைய 2025 மே மாதம் முதல் மின்னியல் வருகை அட்டையை முன்பே நிரப்பணும்.

தரை எல்லையில் ஒரு விஷயம் கவனம். தாய்லாந்து வெளியேறும் முத்திரை, லாவோஸ் நுழையும் முத்திரை, இரண்டும் கடப்பிதழில் விழுந்ததா என்று அங்கேயே நின்று பாருங்க. முத்திரை இல்லாமல் உள்ளே போனவர் சட்டத்தின் பார்வையில் கள்ளத்தனமாக நுழைந்தவர். பிறகு போலீஸிடம் உதவி கேட்கவே பயம் வரும். பயணச் செலவை மிச்சம் பிடிக்கலாம், முத்திரையை மிச்சம் பிடிக்க முடியாது.

குழுவாகப் போகிறீர்களா? பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் ‘ஆன்மிகச் சுற்றுலா’ விளம்பரம் நிறைய வரும். நல்ல முகவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆனால் நம்ம நாட்டில் சுற்றுலா நடத்த, 1992-ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டப்படி சுற்றுலா அமைச்சின் உரிமம் வேணும். ‘கே.பி.கே./எல்.என்.’ என்று தொடங்கும் உரிம எண்ணைக் கேளுங்க. அமைச்சின் பட்டியலில் சரிபாருங்க. வெளிநாட்டுப் பயணம் நடத்தும் உரிமமா என்றும் பாருங்க. பணத்தைத் தனி ஆள் கணக்கில் போடச் சொன்னால், ரசீது ‘அப்புறம் தர்றேன்’ என்றால், கோயில்காரர் அறிமுகம் என்றாலும் சரி, சொந்தக்காரர் என்றாலும் சரி, பணம் கட்ட வேண்டாம். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒழுங்கான முகவர் எண்ணைத் தானே எடுத்துக் காட்டுவார்.

4. உடம்பும் சாப்பாடும்

மழைக்காலம் மே முதல் அக்டோபர் வரை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போவது சுகம். வாட் பூ திருவிழா அவர்களின் மூன்றாவது சந்திர மாதப் பௌர்ணமியில் வரும், பெரும்பாலும் பிப்ரவரி. ஏப்ரல் நடுவில் நம்ம சித்திரைப் புத்தாண்டு வரும் அதே நாள்களில் லாவோ புத்தாண்டும் வரும். பேருந்து, விடுதி எல்லாம் நிறைந்துவிடும். முன்பே பதிவு செய்யணும்.

கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்க. டைபாய்டு, ஹெப்படைடிஸ் ஏ, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேளுங்க. தெற்கு லாவோஸில் மலேரியா உண்டு, டிங்கியும் உண்டு. கொசு மருந்து பையில் இருக்கட்டும். நாய் கடித்தால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டு 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசிக்குப் போகணும். ‘சின்னக் கீறல்தானே’ என்று விட்டுவிடக் கூடாது.

பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் நோயாளியைத் தாய்லாந்துக்குக் கொண்டு போவது அங்கே வழக்கம். அதனால் பயணக் காப்புறுதி இரண்டு நாட்டிலும் செல்லணும், அவசரமாக வேறு நாட்டுக்கு எடுத்துச் செல்லும் செலவும் அதில் அடங்கணும். மலிவான காப்புறுதியை வாங்கிவிட்டு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் விடுவதால் என்ன பயன்?

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: லாவோ சமையலில் ‘பாடேக்’ என்ற நொதித்த மீன் சாறு பப்பாளிச் சாலட்டில்கூட விழும். ‘கின் ஜே’ என்றால் சைவ உணவு. இந்த வார்த்தையைத் தாளில் லாவோ எழுத்தில் எழுதி வைத்துக் காட்டுங்க. ஒட்டரிசிச் சோறு எங்கும் கிடைக்கும். கையில் அவல், புளிக்காய்ச்சல், ஊறுகாய் இருந்தால் சமாளித்துவிடலாம்.

குடி பற்றி ஒரு வார்த்தை. 2024 நவம்பரில் லாவோஸின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். மெத்தனால் கலந்திருப்பது வாசனையிலோ ருசியிலோ தெரியாது. இலவசமாக ஊற்றிக் கொடுப்பதைத் தொடாதீங்க. குடிக்காமல் இருப்பதுதான் முழுப் பாதுகாப்பு.

5. சாலையும் மண்ணும்

லாவோஸில் வண்டி ஓட்டுவது வலது பக்கம். நமக்கும் தாய்லாந்துக்கும் இடது பக்கம். சாலையைக் கடக்கும்போது நம்ம கண் தானாகவே தப்பான பக்கம் பார்க்கும். கிரெப் அங்கே இல்லை. உடனே மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்கத் தோன்றும். செல்லுபடியான உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பெரும்பாலான காப்புறுதி ஒரு காசும் தராது. வாடகைக்குக் கடப்பிதழை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீங்க. முதல் கேள்வியை நினைத்துக்கொள்ளுங்க. நகல் கொடுங்க, முன்பணம் கொடுங்க, இல்லையென்றால் வேறு கடை பாருங்க.

இன்னொரு ஆபத்து மண்ணுக்குள் இருக்கிறது. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மேல் 20 லட்சம் டன்னுக்கும் அதிகமான குண்டுகளைப் போட்டன. அவற்றில் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் சுமார் 27 கோடி. அவற்றில் ஏறக்குறைய 30 விழுக்காடு வெடிக்கவே இல்லை. ஊர்க்காரர்கள் அவற்றைப் ‘பொம்பி’ என்பார்கள். பந்து மாதிரி இருப்பதால் பிள்ளைகள் எடுத்து விளையாடி இறந்திருக்கிறார்கள். வியட்நாம் எல்லையை ஒட்டிய கிழக்கு மாநிலங்களில் ஆபத்து அதிகம்.

வாட் பூ கோயில் வளாகம் ஆயிரக்கணக்கானோர் நடக்கும் இடம். அங்கே பயப்பட வேண்டாம். ஆனால் படம் எடுக்க என்று காட்டுக்குள் புதுப் பாதை போடாதீங்க. மலை உச்சி ஏறணும் என்றால் ஊர் வழிகாட்டி இல்லாமல் ஏறாதீங்க. தரையில் பழைய இரும்பைக் கண்டால் தொடக்கூடாது, உதைக்கக்கூடாது. வந்த வழியே திரும்பி, ஊர்க்காரரிடம் சொல்லுங்க. வியந்தியானில் கோப் என்ற மையம், குண்டில் கை கால் இழந்தவர்களுக்குச் செயற்கை உறுப்பு கிடைக்க உதவுகிறது. அங்கே ஒரு மணி நேரம் செலவிடுங்க.

6. ‘டிக்கெட் நாங்களே போடுறோம்’

இப்போது பாடத்தின் முக்கியப் பகுதி. நம்ம பிள்ளைகளின் கைப்பேசிக்கு இப்படியும் லாவோஸ் வரும்: ‘வாடிக்கையாளர் சேவை வேலை. அனுபவம் வேண்டாம். தங்குமிடம், சாப்பாடு இலவசம். விமான டிக்கெட் நாங்களே.’ இடம் தாய்லாந்து என்றுதான் சொல்வார்கள். பேங்காக் போனதும் கார் வரும், வடக்கே சியாங் ராய் பக்கம் கொண்டு போகும். அங்கிருந்து மேகோங்கைப் படகில் தாண்டினால் லாவோஸின் பொக்கேயோ மாநிலம், தங்க முக்கோணப் பொருளாதார மண்டலம். கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ‘டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நீ கடன் பட்டிருக்கிறாய்’ என்பார்கள். வேலை என்பது இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றுவது. செய்யாவிட்டால் அடி. விடுதலை வேணும் என்றால் வீட்டிலிருந்து பணம்.

இது கதை இல்லை. 2022 முதல் கம்போடியா, மியன்மார், லாவோஸ் நாடுகளிலிருந்து மீட்கப்பட்ட மலேசியர்களைப் பற்றி நம்ம நாளேடுகள் தொடர்ந்து எழுதி வருகின்றன. மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படிக் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிவித்தது. பொக்கேயோ மண்டலத்தில் உள்ள மோசடி மையங்கள் வெளியேற வேண்டும் என்று லாவோஸ் அரசே 2024 ஆகஸ்டில் கெடு வைத்து, சோதனை நடத்தி, நூற்றுக்கணக்கானோரைக் கைது செய்தது.

போனவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்வது சுலபம். மோட்டார் தவணை, அம்மா மருந்து, படிப்புக் கடன் என்று கணக்குப் போட்டுத் தூங்காத பிள்ளைகள்தான் பலர். அழைத்தது முகம் தெரியாதவனாக இருக்க வேண்டியதில்லை. பள்ளித் தோழனாகக்கூட இருக்கலாம். அவனும் அங்கே சிக்கி, ஆள் கொண்டு வந்தால் விடுகிறோம் என்ற மிரட்டலில் பேசலாம்.

அந்த அழைப்பை நம்ம மூன்று கேள்வியில் வைத்துப் பாருங்க. கடப்பிதழ் அவர்கள் கையில். திரும்பும் பணம் அவர்கள் கையில். ‘வீட்டில் சொல்லாதே, போய்ச் சேர்ந்ததும் சொல்லலாம்’ என்பது அவர்கள் வாய்ப்பாடு. மூன்றுக்கும் ‘இல்லை’. வேறு ஆராய்ச்சியே வேண்டாம்.

ஒருவர் ஏற்கெனவே சிக்கிவிட்டால்? குடும்பம் வெட்கப்பட்டு மறைப்பதுதான் கும்பலுக்கு லாபம். இடைத்தரகருக்குப் பணம் அனுப்பும் முன் காவல் நிலையத்தில் புகார் கொடுங்க, விஸ்மா புத்ராவுக்குத் தெரிவிங்க. பிள்ளை அனுப்பிய செய்தி, இட அடையாளம், படம், கணக்கு எண் எதையும் அழிக்காதீங்க. ‘உன்னைத் திட்ட மாட்டோம், எங்கே இருக்கே என்று மட்டும் சொல்லு’ என்று அவரிடம் சொல்லுங்க. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே பல பிள்ளைகள் வாய் திறக்காமல் இருக்கிறார்கள்.

7. கோயிலில் நாம் விருந்தாளிகள்

வாட் பூ இன்று பௌத்தர்கள் வழிபடும் இடம். சிவன் இருந்த இடம் என்பதற்காக அங்கே உரிமை பேசக்கூடாது. தோளும் முழங்காலும் மறையும் உடை, கருவறைக்குள் செருப்பு இல்லாத கால். கைகூப்பி ‘சபாய்டீ’ என்றால் முகம் மலர்வார்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. பழைய கல்லில் விபூதி பூசுவது, பால் ஊற்றுவது, கற்பூரம் ஏற்றுவது வேண்டாம். ஆயிரம் வருஷக் கல் நம்ம பக்தியால் கெடக்கூடாது. பூ வைக்கலாம். மனசுக்குள் ஐந்தெழுத்து சொல்லலாம். படிகள் செங்குத்து, சீராக இருக்காது. பெரியவர்களை மெதுவாக ஏற்றுங்க.

8. வீட்டில் விட்டுச் செல்லும் தாள்

கிளம்பும் முன் ஒரே ஒரு தாளில் எழுதுங்க: கடப்பிதழ் எண், விமான எண்கள், ஒவ்வோர் இரவும் தங்கும் விடுதி, கூட வருபவரின் பெயரும் அவர் வீட்டு எண்ணும், காப்புறுதி எண், இரத்த வகை, வியந்தியானில் உள்ள மலேசியத் தூதரகத்தின் அவசர எண். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பையில். கைப்பேசியில் மட்டும் வைத்தால் கைப்பேசி தொலையும்போது எல்லாமே தொலையும். விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலர் தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யுங்க.

பிறகு வீட்டில் ஒருவரோடு ஒப்பந்தம். தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு செய்தி. ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் காலை அவர் விடுதிக்கு அழைப்பார். அதுவும் கிடைக்காவிட்டால் தூதரகத்துக்கு. ‘சும்மா பயப்படாதேம்மா’ என்று சொல்லிவிட்டுப் போவதைவிட இந்த ஒப்பந்தம் அம்மாவுக்கு நிம்மதி.

பணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் தனியே வையுங்க. அதுதான் திரும்பும் காசு. அமெரிக்க டாலரோ தாய் பாட்டோ எடுத்துச் செல்லலாம். மிஞ்சிய கிப்பை அங்கேயே மாற்றிவிடுங்க, வெளியே மாற்றுவது கடினம்.

வகுப்பில் செய்ய

(அ) இருவர் இருவராகச் சேர்ந்து, வாட் பூவுக்கு ஆறு நாள் பயணத் தாள் ஒன்றை எழுதுங்க. எழுதியபின் மாற்றிக்கொண்டு, மூன்று கேள்விக்கும் பதில் இருக்கிறதா என்று பாருங்க.

(ஆ) ஒருவர் ‘வேலை வாங்கித் தரும் தோழன்’, இன்னொருவர் நீங்கள். உறவைக் கெடுக்காமல், ஆனால் உறுதியாக ‘வரமாட்டேன்’ என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தத் தோழனே ஆபத்தில் இருக்கலாம் என்று தோன்றினால் அவனிடம் என்ன கேட்பீர்கள்?

(இ) இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் கடப்பிதழ் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்க. அந்தத் தேதியை அடுத்த வகுப்பில் சொல்லணும்.